பரிசோதனைக் கூடம் வாய் திறந்தால்...

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். ரத்தமோ, சளியோ, மலமோ பரிசோதனைக்குப் போகிறது. மறுநாள் முடிவு வருகிறது. டாக்டரிடம் காட்டுகிறோம். மருந்து வாங்குகிறோம். சீட்டை மடித்து அலமாரியில் வைக்கிறோம்.

அத்துடன் அந்தச் சீட்டின் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை!

அது தொற்றுநோய்ச் சீட்டாக இருந்தால், அதில் உள்ள செய்தி இன்னோர் இடத்துக்கும் போக வேண்டும். அதுதான் சுகாதார இலாகா. டாக்டர் சீட்டைப் பார்த்து உங்களுக்கு வைத்தியம் செய்கிறார். சுகாதார இலாகா அதே செய்தியைப் பார்த்து, உங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நோய் வராமல் தடுக்கப் பார்க்கிறது.

செய்தி போனால் என்ன நடக்கும்? போகாவிட்டால் என்ன நடக்கும்? இரண்டையும் ஒரே சமயத்தில் உலகம் பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. 1993-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது. ஒரே இறைச்சி. ஒரே கிருமி. ஒரு மாகாணத்தில் பரிசோதனைக் கூடங்கள் வாய் திறந்தன. இன்னொரு மாகாணத்தில் வாயே திறக்கவில்லை.

கொத்துக்கறி வட்டு

அமெரிக்கக் குழந்தைகளுக்கு "ஹாம்பர்கர்" என்றால் உயிர். மாட்டுக் கறியைக் கொத்தி, வடை போல வட்டமாகத் தட்டி, சுட்டு, இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொடுப்பார்கள். "ஜாக் இன் தி பாக்ஸ்" என்ற கம்பெனிக்கு அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் பல ஊர்களில் கிளை ஓட்டல்கள். குழந்தைகளுடன் வரும் குடும்பங்களின் கூட்டம் அங்கே எப்போதும் உண்டு.

அந்த ஓட்டல்களுக்கு வேண்டிய கறி வட்டுகள் மொத்தமாகத் தயாராகும். பனிக்கட்டி போல உறைய வைத்து, பெட்டி பெட்டியாக லாரியில் அனுப்புவார்கள். 1992 நவம்பரில் தயாரான வட்டுகள் சிலவற்றில் ஒரு கிருமி புகுந்துவிட்டது.

அதன் பெயர் ஈ.கோலி ஓ157. "ஈ.கோலி" என்ற கிருமிக் கூட்டம் மனிதர் எல்லோருடைய குடலிலும் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை சாதுக்கள். இந்த ஓ157 மட்டும் பொல்லாதது. மாட்டின் குடலில் தங்கும். மாட்டை ஒன்றும் செய்யாது. மனிதன் வயிற்றுக்குள் போனால் நஞ்சைக் கக்கும். கடுமையான வயிற்று வலி வரும். ரத்தபேதி ஆகும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்து எழுந்துவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு அந்த நஞ்சு ரத்தத்தைக் கெடுத்து, சிறுநீரகத்தைச் செயல் இழக்கச் செய்துவிடும். உயிரும் போகலாம்.

முழுத் துண்டாக இருக்கும் கறியில் கிருமி மேல்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் செத்துவிடும். கொத்துக்கறியில் அப்படி இல்லை. கொத்தும்போது மேல் இருந்தது உள்ளே போய்விடும். வட்டின் நடுப்பகுதியும் நன்றாக வெந்தால்தான் கிருமி சாகும். இந்த ஓட்டல்களில் வட்டுகள் நடுவரை போதிய அளவு வேகவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

டாக்டர் செய்த டெலிபோன்

சியாட்டில் என்பது வாஷிங்டன் மாகாணத்தில் உள்ள பெரிய நகரம். (அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன் வேறு, இது மேற்குக் கோடியில் இருக்கும் மாகாணம்.) அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. 1993 ஜனவரியில் அந்த ஆஸ்பத்திரிக்கு ரத்தபேதியோடு குழந்தைகள் வரத் தொடங்கினர். ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை. வந்துகொண்டே இருந்தனர். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது.

குழந்தைகளின் வயிற்று நோய்களில் நிபுணரான டாக்டர் பில் டார் அங்கே இருந்தார். அவருக்குச் சந்தேகம் தட்டியது. வைத்தியம் பார்ப்பதோடு நிற்கவில்லை. மாகாண சுகாதார இலாகாவில் நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் அதிகாரியான டாக்டர் ஜான் கோபயாஷிக்குச் செய்தி சொன்னார். இலாகாவுக்குத் தகவல் கிடைத்த நாள் ஜனவரி 13.

அங்கே ஒரு நல்ல ஏற்பாடு முன்பே இருந்தது. ஓ157 மனிதருக்கு நோய் தரும் என்பது 1982-ல்தான் தெரிய வந்தது. 1987-லேயே வாஷிங்டன் மாகாணம் ஒரு விதி போட்டுவிட்டது. யாருக்காவது இந்தக் கிருமி இருப்பது தெரிந்தால் சுகாதார இலாகாவுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் அங்குள்ள பரிசோதனைக் கூடங்கள் இந்தக் கிருமியைத் தேடப் பழகியிருந்தன.

எப்படித் தேடுவார்கள்? அது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. நம் வீட்டில் கடல்பாசி காய்ச்சி இனிப்புச் செய்கிறோமே, அதே மாதிரிப் பொருளைக் காய்ச்சிச் சின்னத் தட்டில் ஊற்றி உறைய வைப்பார்கள். அதில் சார்பிட்டால் என்ற ஒரு வகைச் சர்க்கரையைச் சேர்த்திருப்பார்கள். நோயாளியின் மலத்தில் துளி எடுத்து அதன்மேல் தடவி, கதகதப்பான பெட்டியில் வைப்பார்கள். சாதாரண ஈ.கோலி அந்தச் சர்க்கரையைத் தின்னும். தட்டில் செம்பருத்தி நிறப் புள்ளிகள் தோன்றும். ஓ157 அந்தச் சர்க்கரையைத் தொடாது. நிறமில்லாத புள்ளியாக நிற்கும். பார்த்த உடனே பிடித்துவிடலாம்.

இந்தத் தட்டு இருந்தால் திருடன் அகப்படுவான். வேறு தட்டில் வைத்தால், ஊரில் உள்ள சாதுக்களோடு சாதுவாக ஒளிந்துகொள்வான். இதை மறந்துவிடாதீர்கள். கதையில் பின்னால் வருகிறது.

பதினாறு பேர்

செய்தி கிடைத்ததும் சுகாதார இலாகா என்ன செய்தது? ஜனவரி 16, 17 தேதிகளில் அதிகாரிகள் முதலில் அகப்பட்ட பதினாறு நோயாளிகளின் குடும்பங்களை விசாரித்தனர். "நோய் வருவதற்கு முந்திய வாரத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? எங்கே சாப்பிட்டீர்கள்?"

நோயாளிகளை மட்டும் கேட்டால் போதாது. எல்லோரும் பால் குடித்திருப்பார்கள், எல்லோரும் ரொட்டி தின்றிருப்பார்கள். அதனால் நோய் பால் மூலம் வந்தது என்று சொல்லிவிட முடியுமா? ஆகவே, அதே தெருப்பக்கத்தில், அதே வயதில், நோய் இல்லாமல் இருப்பவர்களையும் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டனர். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தனர்.

நோயாளிகளின் பட்டியலில் ஒரு பெயர் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஓட்டலின் பெயர்தான்!

ஜனவரி 18. ஓட்டல்களில் மிச்சம் இருந்த கறி வட்டுகளை எல்லாம் திரும்பப் பெற ஏற்பாடாயிற்று. டாக்டரின் செய்தி வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பதினாறு நோயாளிகள், சில டெலிபோன்கள், நாள் முழுதும் விசாரணை. இவ்வளவுதான் கையில் இருந்த ஆயுதம்.

இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வட்டுகள் திரும்பி வந்தன. அவை பழுதான சரக்கில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி ஏற்கெனவே விற்றுப்போயிற்று. வாஷிங்டன் மாகாணத்தில் மட்டும் 501 பேருக்கு நோய் கண்டது. 151 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தனர். 45 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கொடிய நிலை ஏற்பட்டது. மூன்று பேர் இறந்தனர். ஓட்டலுக்கே போகாத சில குழந்தைகளுக்கும் நோய் வந்தது. நோய் கண்ட மற்றக் குழந்தைகளிடமிருந்து தொற்றியது.

வட்டுகளைத் திரும்பப் பெற்றிராவிட்டால் மேலும் 800 பேராவது நோயில் விழுந்திருப்பார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டனர். அந்த 800 பேர் யார், யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது. சுகாதார இலாகாவின் வேலை எப்போதுமே இப்படித்தான். நோய் வராமல் தப்பியவன் நன்றி சொல்லி மாலை போட வருவதில்லை.

லாஸ் வேகாஸில் என்ன ஆயிற்று?

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள்.

அதே வட்டுகள் கலிபோர்னியா, நெவாடா, ஐடஹோ ஆகிய மாகாணங்களுக்கும் போயிருந்தன. கலிபோர்னியாவில் சான் டியாகோ என்ற ஊர். அங்கே 1992 டிசம்பர் கடைசியிலேயே ஒரு குழந்தைக்கு இந்தக் கிருமி இருப்பதாக உள்ளூர் சுகாதார அதிகாரிகளுக்குத் தகவல் வந்தது. குழந்தை இறந்துவிட்டது. பிறகு பழைய ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான், நவம்பர் நடுவிலிருந்தே மேலும் எட்டுப் பேர் இதே நோயோடு வந்திருந்தது தெரிந்தது. ஒவ்வொருவரையும் ஒவ்வோர் இடத்தில் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக வைத்தியம் செய்து அனுப்பியிருந்தார்கள். ஒன்பது பேரையும் ஒரே காகிதத்தில் யாரும் சேர்த்து எழுதவில்லை.

சற்று யோசித்துப் பாருங்கள். சியாட்டிலில் குழந்தைகள் விழுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது அது. அந்தப் பெயர்கள் அப்போதைக்கப்போதே ஒரு மேஜைக்கு வந்திருந்தால்?

நெவாடாவின் கதை இன்னும் மோசம். அங்கே லாஸ் வேகாஸ் நகரத்தின் பரிசோதனைக் கூடங்களில் நாம் மேலே சொன்ன சார்பிட்டால் தட்டை யாரும் உபயோகிக்கவில்லை. ரத்தபேதி வந்தவர்களின் மலத்தைப் பரிசோதித்தார்கள். "ஒன்றும் இல்லை" என்று எழுதினார்கள். பொய் எழுதவில்லை. அந்தத் தட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான்!

சியாட்டிலில் செய்தி வெளியாகி, லாஸ் வேகாஸிலும் ஒரு குழந்தை சிறுநீரகக் கோளாறோடு படுத்த பிறகுதான் ஜனவரி 22-ல் அங்கே அறிவிப்பு வந்தது. தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார்கள். அதற்குள் பெரும்பாலோர் உடம்பிலிருந்து கிருமி போய்விட்டது. ஒரே ஒரு நோயாளியிடம், அதுவும் நோய் தொடங்கி 38 நாள் கழித்து, கிருமி அகப்பட்டது. ஆனால் தேடிக் கணக்கெடுத்தபோது நோய்க் குறிகள் உள்ளவர்கள் 58 பேர் என்று தெரிந்தது.

58 பேர்! ஒருவர் பெயரும் அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை.

வாஷிங்டன் மாகாணம் கண்டுபிடித்துச் சொல்லியிராவிட்டால், மற்ற மூன்று மாகாணங்களிலும் இப்படி ஒரு நோய் பரவியதே தெரியாமல் போயிருக்கலாம் என்று அமெரிக்க மத்திய நோய்த் தடுப்பு நிலையம் பின்னர் எழுதியது. குழந்தை இறந்தால் வீட்டார் அழுதிருப்பார்கள். "ஏதோ வயிற்றுக் கோளாறு" என்று சொல்லியிருப்பார்கள். ஓட்டல் திறந்தே இருந்திருக்கும்.

ஐஸ்கிரீம் லாரி

அடுத்த ஆண்டே இன்னொரு சம்பவம். மின்னசோட்டா என்ற மாகாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக் கூடங்கள் தாங்கள் கண்ட பேதிக் கிருமியைப் பற்றி எழுதி அனுப்புவதோடு விடமாட்டார்கள். கிருமியையே குப்பியில் போட்டு மாகாணத்தின் தலைமைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

1994 செப்டம்பர், அக்டோபரில், சால்மொனெல்லா கிருமியில் ஒரே ஒரு வகை வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. தலைமைக் கூடத்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்தனர். விசாரித்தனர். பெரும்பாலோர் ஒரு கம்பெனியின் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டவர்கள்! வீட்டுக்கு வீடு கொண்டுபோய் விற்கும் கம்பெனி அது.

ஐஸ்கிரீமில் பேதிக் கிருமி எப்படி வந்தது? ஐஸ்கிரீமுக்கான பால் கலவையைக் காய்ச்சிக் கிருமி நீக்கித்தான் டாங்கர் லாரியில் அனுப்பினார்கள். ஆனால் அந்த லாரிகள் அதற்கு முன் பச்சை முட்டைக் கரைசலை ஏற்றிச் சென்றவை! முட்டையில் இருந்த கிருமி லாரியில் தங்கி, பாலில் கலந்து, ஐஸ்கிரீமுக்குள் போய்விட்டது. நாடு முழுதும் 2,24,000 பேர் அந்த ஐஸ்கிரீமால் நோயுற்றிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். நோய் பல மாகாணங்களில் பரவியிருந்தது. கண்டுபிடித்தது, கிருமிகளை ஓர் இடத்தில் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்த அந்த மாகாணம்.

கிருமிக்குக் கைரேகை

இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்கா விழித்துக்கொண்டது. 1996-ல் "பல்ஸ்நெட்" என்ற ஏற்பாடு வந்தது. முதலில் நான்கே மாகாணங்களின் பரிசோதனைக் கூடங்கள் சேர்ந்தன. மின்னசோட்டாவும் வாஷிங்டனும் அதில் உண்டு. பிறகு எல்லா மாகாணங்களும் சேர்ந்துகொண்டன.

கிருமியின் மரபணு இழையை ஒரு ரசாயனத்தால் துண்டு துண்டாக வெட்டுவார்கள். பாகு போன்ற ஒரு பொருளின்மேல் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். சின்னத் துண்டுகள் வேகமாக ஓடும். பெரிய துண்டுகள் மெதுவாக நகரும். கடைசியில் கோடு கோடாக ஒரு படம் கிடைக்கும். சோப்பு உறையில் கறுப்புக் கோடுகள் அச்சடித்திருக்கிறதே, அந்த மாதிரி இருக்கும். இதுதான் கிருமியின் கைரேகை. 1993-ல் நோயாளிகளிடமும் கறி வட்டுகளிலும் இருந்தது ஒரே கிருமிதான் என்பதை உறுதி செய்ததும் இந்த முறைதான்.

சென்னையில் பிடிபட்ட திருடனின் கைரேகையை மதுரைப் போலீசார் தங்களிடம் உள்ள ரேகையோடு ஒப்பிடுவதில்லையா? அதேபோல, ஓர் ஊரின் கூடம் எடுத்த கிருமி ரேகையை மற்ற ஊர்க் கூடங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் இரண்டு நோயாளிகளின் ரேகை ஒன்றாக இருந்தால், இருவரும் ஒரே இடத்துச் சரக்கைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று சந்தேகிக்கலாம். 2006-ல் பசலைக்கீரை மூலம் இதே ஓ157 பரவியபோது, 26 மாகாணங்களில் சிதறிக் கிடந்த 199 நோயாளிகளை இப்படித்தான் ஒரு வரிசையில் கொண்டுவந்தார்கள். 2019 முதல் கோடுகளுக்குப் பதிலாக மரபணு முழுவதையுமே எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் செய்த கூத்து

"கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனிமேல் என்ன கவலை?" என்கிறீர்களா?

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2020-ம் ஆண்டு. கொரோனா காலம். நாடெங்கும் பரிசோதனைக் கூடங்கள் ராப்பகலாக வேலை செய்தன. முடிவுகளை எல்லாம் தேசிய சுகாதார இலாகாவுக்கு அனுப்பின. இலாகா அவற்றை "எக்செல்" கணக்குத் தாளில் ஏற்றியது. அதுவும் பழைய பதிப்பு. அந்தத் தாளில் 65,536 வரிகள்தான் இருக்கும். ஒரு நோயாளிக்கே பல வரிகள் பிடிக்கும். தாள் நிறைந்துவிட்டது. மேற்கொண்டு வந்த பெயர்கள் ஏறவே இல்லை!

யாருக்கும் தெரியவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் பெயர்கள் இப்படி விட்டுப்போயின.

அந்த நோயாளிகளுக்கு "உங்களுக்குக் கொரோனா" என்ற முடிவு ஒழுங்காகப் போய்விட்டது. சீட்டு அவரவர் கைக்கு வந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் சிப்பந்திகளுக்குச் செய்தி போகவில்லை. நோயாளியின் அலுவலகத் தோழர் வழக்கம்போல பஸ் ஏறினார். பாட்டியைப் பார்க்கப் போனார். செய்தி தாமதமான பகுதிகளில் அடுத்த வாரங்களில் நோயும் சாவும் அதிகமாயின என்று பின்னர் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து எழுதினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் கணக்குப் புத்தகம் நிறைந்துபோனால், குமாஸ்தா அடுத்த புத்தகத்தை எடுப்பார். அந்தச் சாதாரண அறிவு யந்திரத்துக்கு இல்லை. அதைப் பக்கத்தில் இருந்து கவனிக்க ஆளும் இல்லை.

"என் பெயர் வெளியே போய்விடுமே!"

நியாயமான பயம்தான். காசம் என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ, பெண்ணுக்கு வரன் வராதோ, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்று அஞ்சாத குடும்பம் உண்டா?

இந்தச் சண்டை பழைய சண்டை. நியூயார்க் நகரசபை 1892-லேயே கிருமிப் பரிசோதனைக் கூடம் ஒன்றை அமைத்தது. டாக்டர் ஹெர்மன் பிக்ஸ் என்பவர் அதற்குத் தலைவர். தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த காலம். சோதனைக் குழாய்களை நகரத்து மருந்துக் கடைகளில் வைத்தார்கள். டாக்டர்கள் எடுத்துப்போய், குழந்தையின் தொண்டையில் தடவி, திரும்பக் கடையில் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் முடிவு கிடைக்கும். காசு கிடையாது. டாக்டர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிறகு பிக்ஸ் காச நோயில் கை வைத்தார். சளிப் பரிசோதனையும் இலவசம். ஆனால் நோயாளியின் பெயரையும் விலாசத்தையும் இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். 1894-ல் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டளை. தனி டாக்டர்களுக்கு வேண்டுகோள். 1897-ல் எல்லா டாக்டர்களுக்கும் கட்டளை! டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். "நோயாளியின் ரகசியத்தை நாங்கள் காப்பாற்ற வேண்டாமா?" என்று கேட்டார்கள். பிக்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்களை ஊர் அறிய வெளியிடவும் இல்லை.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஊரைக் காப்பாற்ற வேண்டுமானால் செய்தி போயே ஆக வேண்டும். ஆனால் எந்தச் செய்தி? எந்தத் தெருவில், எந்த வயதில், எந்தக் கிருமி, எந்தத் தேதியில் என்பது கணக்குப் பார்ப்பவருக்குப் போதும். பெயரும் விலாசமும் நேரில் வந்து உதவி செய்யும் சிப்பந்திக்கு மட்டும் போதும். அதற்கு மேல் ஒருவர் கண்ணில் பட்டாலும் அது தவறு. கொரோனாவின்போது வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டி, தெருவே வேடிக்கை பார்த்ததை நாம் மறக்கவில்லை. அப்படிச் செய்தால் அடுத்த முறை பரிசோதனைக்கே ஆள் வராது. பரிசோதனைக்கு ஆள் வராவிட்டால் சொல்வதற்குச் செய்தியும் இருக்காது!

வேலூரில் ஓடிய நதி

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

1980-களில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி.ஜேக்கப் ஜான் இருந்தார். வைரஸ் கிருமிகளில் பெயர்பெற்ற நிபுணர். அவரும் சகாக்களும் வட ஆர்க்காடு மாவட்டத்து ஆஸ்பத்திரிகளையும் டாக்டர்களையும் சேர்த்து ஒரு காரியம் செய்தார்கள். குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்றைக் கண்டால் டாக்டர் ஒரு அட்டையில் விவரத்தை எழுதித் தபாலில் போட வேண்டும். அட்டைகள் ஓரிடத்துக்கு வந்து சேரும். எந்த வட்டாரத்தில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்று தெரியும். மாவட்டச் சுகாதார அதிகாரிக்குச் செய்தி போகும்.

வட ஆர்க்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதை ஆங்கிலத்தில் சொல்லி முதல் எழுத்துகளைச் சேர்த்தால் "நதி" என்று வரும். அதையே பெயராக வைத்தார்கள்.

நதி ஒரு பக்கம்தான் ஓடும். இந்த நதி இரண்டு பக்கமும் ஓடியது! மாதம் ஒரு முறை செய்தி இதழ் ஒன்றை அச்சிட்டு, அட்டை போட்ட டாக்டர்களுக்கே அனுப்பினார்கள். எங்கே என்ன நோய், என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். நாம் எழுதிப் போட்டதை ஒருவர் படித்தார் என்று தெரிந்தால்தானே மறுபடி எழுதத் தோன்றும்? மேலே இருந்து கேட்பார்கள், கீழே இருப்பவர்கள் அனுப்புவார்கள், பதிலே வராது என்றால், அனுப்புகிற கை எத்தனை நாளைக்கு ஓடும்? பல பெரிய திட்டங்கள் படுத்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று தோன்றுகிறது. பிறகு கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்.

இந்திய சர்க்கார் நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தை 2004-ல் தொடங்கியது. அதில் மூன்று படிவங்கள். கிராமத்துச் சுகாதார ஊழியர் "இத்தனை பேருக்குக் காய்ச்சல், இத்தனை பேருக்குப் பேதி" என்று எழுதுவது "எஸ்" படிவம். டாக்டர் "இது டைபாய்டாக இருக்கலாம்" என்று எழுதுவது "பி" படிவம். பரிசோதனைக் கூடம் "டைபாய்டுதான்" என்று எழுதுவது "எல்" படிவம். முன்பு வாரம் ஒரு முறை காகிதமாகப் போயிற்று. 2021-ல் கம்ப்யூட்டர் வழியே அன்றாடம் அனுப்பும் ஏற்பாடு நாடு முழுதும் வந்தது.

காச நோய்க்குத் தனிக் கட்டளை இருக்கிறது. தனியார் டாக்டர்களும் தெரிவித்தாக வேண்டும் என்று 2012-ல் உத்தரவு வந்தது. 2018-ல் பரிசோதனைக் கூடங்களையும் மருந்துக் கடைகளையும் சேர்த்து, தெரிவிக்கத் தவறினால் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு என்று அறிவித்தார்கள்.

வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம்?

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பரிசோதனைக்குப் போகும்போது, எழுதிக்கொள்ளும் பெண் பெயர், வயது, விலாசம், போன் நம்பர் கேட்பாள். நம்மில் பலர் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். சிலர் பழைய வீட்டு விலாசத்தைக் கொடுக்கிறோம். சிலர் போன் நம்பரில் ஒரு எண்ணை மாற்றிச் சொல்கிறோம்.

பத்துச் சீட்டுகளில் "ராயபுரம்" என்று மட்டும் இருந்தால், பத்துப் பேரும் ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? கதவு எண், தெருப் பெயர், வார்டு மூன்றையும் சொல்லுங்கள். இப்போது எங்கே தூங்கி எழுகிறீர்களோ, அந்த வீட்டு விலாசத்தைச் சொல்லுங்கள். சொந்த ஊர் விலாசம் வேண்டாம்.

சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து, "போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். யாருக்கு இது தெரியக்கூடும் என்று அவரையே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு, திங்கட்கிழமை காலையில் என்ன டிபன் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஓட்டலில் வாங்கியதையும், கல்யாண வீட்டில் சாப்பிட்டதையும், பள்ளிக்கூட வாசலில் குழந்தை வாங்கித் தின்ற ஐஸையும் விட்டுவிடாதீர்கள்.